தர்ல்வெல் என்கிற தருவேல்

இல்ல தம்பி, பின்னால எடம் இருக்குன்னு எனக்கும் தெரியும். எனக்கு இந்த சீட்டுதான் வேணும். நீங்க எந்திரிக்க வேண்டாம், காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்குனா சன்னலோரம் போயிருவேன். அப்பாடா. இங்க உக்காந்தாத்தான் அந்தப் பொண்ணு என் கண்ணுல இருப்பா. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, மஞ்சச் சுடிதார். பக்கத்துல தூங்கி விழுந்துக்கிட்டிருக்கே ஒரு அம்மா, அது ஹாஸ்டல் வார்டன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டு இன்னும் வெளியவே போகல, அதுக்குள்ள வாயைப் பொளந்துக்கிட்டுத் தூக்கம். இந்தம்மாவ நம்பி ஒரு கைதியக் கூட்டிட்டுப் போனா உருப்படுமா? சே, கைதின்னு சொல்லக் கூடாது. கோர்ட்டு பழக்கம், வாயில வந்துருச்சு.

என் மகளா? அது மக இல்ல. எனக்கு மக ஒருத்திதான். அவளப் பத்தி அப்புறம் சொல்றேன். இப்பவே ஆரம்பிச்சா எனக்குப் பிரஷர் ஏறிரும்.

நான் வக்கீல். திண்டுக்கல் கோர்ட்டுல என்னைத் தெரியாத ஆளு கிடையாது. அந்தப் பொண்ணு பேரு காளீஸ்வரி, வயசு பத்தொன்பது, நூல் மில்லுல வேலை. அந்த மில்லுக்கு நான்தான் லீகல் அட்வைசர். அவள இன்னைக்குப் பத்தரைக்கு மதுரை ஹைகோர்ட்டுல நிறுத்தணும். ஜட்ஜு அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பார். நீ மில்லு ஹாஸ்டல்ல உன் இஷ்டத்துக்கு இருக்கியா, இல்ல உங்க அம்மாகூட வீட்டுக்குப் போறியா, அவ்வளவுதான். என் இஷ்டத்துக்குத்தான் இருக்கேன்னு அவ சொல்லிட்டா கேஸ் தள்ளுபடி. மாத்திச் சொன்னாளோ, மில்லு மேல போலீஸ் கேஸு, மத்த பொண்ணுங்களும் கிளம்பிரும், கடைசியில என் வக்கீல் சன்னது மேல கையை வெப்பாய்ங்க. எதிர்க்கட்சி வக்கீல் யாரு தெரியுமா? என் மக. நான் பெத்து, பீஸ் கட்டி, கறுப்புக் கோட்டு தெச்சுப் போட்டுவிட்ட மக.

இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எதுக்குடா பஸ்லன்னு. மில்லுல காரா இல்ல? மூணு நிக்குது. கார்ல கொண்டுபோய் இறக்குனா அடைச்சுக் கொண்டுவந்த மாதிரி இருக்கும். போலீஸ் ஜீப்புல போனா அதைவிட மோசம். பஸ்ல வந்து இறங்குனா? தானா வந்த மாதிரி இருக்கும். என் யோசனைதான். டிக்கெட்டைக்கூட அவ கையிலயே குடுத்திருக்கேன் பாருங்க, இறுக்கிப் புடிச்சு வெச்சிருக்கா. இதெல்லாம் காலேஜ்ல சொல்லித்தர மாட்டாங்க.

பேரா? ஞானதுரை தருவேல். ஆமா, தருவேல்தான். நெத்தியில திருநீறக் காணோமேன்னுதானே பாக்குறீங்க? எல்லாரும் இப்படித்தான் பாக்குறாய்ங்க. பழனி மலை பக்கத்துலயே இருந்துக்கிட்டு வேல்னு முடியுற பேர வெச்சா வேற என்னத்த நினைப்பாய்ங்க. ஒருத்தன் தைப்பூசத்துக்கு அன்னதானம் வசூல் பண்ண வந்துட்டான் வீட்டுக்கு. வேலும் இல்ல மயிலும் இல்ல தம்பி. நாங்க ஆறு தலைமுறையா கிறிஸ்தவங்க. அது தமிழ்ப் பேரே கிடையாது. தர்ல்வெல். ஜொசையா தர்ல்வெல். நூத்தியெழுபது வருஷத்துக்கு முன்னால அமெரிக்காவுல, ஒஹாயோ மாகாணத்துல, பெரிய வக்கீல். அந்த ஊர் சட்டசபைக்கு ஜெயிச்சு, அப்புறம் அவங்க காங்கிரஸுக்கும் ஜெயிச்சவர். நம்ம காங்கிரஸ் இல்ல, அங்க பார்லிமென்டுக்கே அதான் பேரு.

அமெரிக்கா வக்கீல் பேரு திண்டுக்கல்காரனுக்கு எப்படின்னு கேளுங்க. அந்தக் காலத்துல இங்க அமெரிக்க மிஷன்காரங்க போர்டிங் பள்ளிக்கூடம் வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு பையனோட சோத்துக்கும் படிப்புக்கும் அமெரிக்காவுல ஒரு புண்ணியவான் பொறுப்பேத்துக்குவார். ஏத்துக்கிட்டா அவர் பேரையே அந்தப் பையனுக்கு வெச்சிருவாங்க. அதான் வழக்கம். எங்க பூட்டனோட தாத்தா பேரு கருத்தக்கண்ணன். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவன், பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விட்டாங்க, மறுநாள் சாயங்காலம் ஜொசையா தர்ல்வெல் ஆயிட்டான். ஊர்ல எவன் வாயிலயும் அது நுழையல. தருவேல் தருவேல்னு கூப்பிட்டு, கோவில், அதான் சர்ச்சு, ரிஜிஸ்தர்லயும் அப்படியே ஏறிருச்சு. அவனைக் கேட்டாங்களான்னா? எதுக்குக் கேக்கணும். சோறு போட்டு, படிப்பக் குடுத்து, பேரையும் குடுக்குறாங்க. வேணாம்னா சொல்லுவான்?

எங்க வீட்டு முன்னறையில இயேசு படத்துக்கு இந்தப் பக்கம் எங்க அப்பா படம், அந்தப் பக்கம் தர்ல்வெல் படம். தாடி மட்டும் இருக்கும், மீசை இருக்காது. சின்னப் பிள்ளைங்க பயப்படும். அவர் பொறந்த நாளுக்கு எங்க வீட்டுல பிரியாணி. இன்னைக்கு வரைக்கும். எங்க வீட்டுக்காரிகூட ஆரம்பத்துல சிரிச்சா, அப்புறம் அவளே மறக்காம அரிசி ஊறவெச்சா.

எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுமா? விவசாயி மகன். சட்டக் கல்லூரிப் பக்கமே போனதில்ல. ஒரு வக்கீல் ஆபீஸ்ல சேர்ந்து, குளிருக்கு அடுப்புல விறகு தள்ளிக்கிட்டே சட்டம் படிச்சார். குதிரையில ஊர் ஊராப் போயி கேஸ் நடத்துனார். அங்க அப்ப கறுப்பு சனங்கள ஆடு மாடு மாதிரி விலைக்கு வாங்கி அடிமையா வெச்சிருந்தாங்க. அது பாவம்னு மேடை மேடையா ஏறிப் பேசுனவர். 'எந்த மனிதனும் இன்னொரு மனிதனுடைய சொத்து அல்ல, அவனுடைய கால்கள் அவனுடையவை.' கேக்கும்போதே உடம்பு சிலிர்க்குதுல்ல? இந்தப் பிரசங்கத்தை என் மகளுக்கு ரெண்டாம் கிளாஸ்லயே மனப்பாடம் பண்ணி வெச்சேன். ஸ்டூல் மேல ஏறி நின்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவா. பேரு ஹெப்சிபா, நாங்க ஹெப்சின்னு கூப்பிடுவோம். வர்ற விருந்தாளிக்கெல்லாம் முதல்ல அந்தப் பிரசங்கம், அப்புறம்தான் காப்பி.

நானும் அந்தப் பேருக்காகத்தான் வக்கீலானேன். அரசியலும் உண்டு. சட்டசபைக்கு இல்ல, எங்க சபைக் கமிட்டிக்கு. சிரிக்காதீங்க தம்பி. எங்க சபை எலெக்‌ஷன் பக்கத்துல அசெம்பிளி எலெக்‌ஷன் எல்லாம் பிச்சை வாங்கணும். தர்ல்வெல் மூணு தடவை தோத்து அப்புறம் ஜெயிச்சார். நானும் மூணு தடவை தோத்துத்தான் செயலாளர் ஆனேன். போன தடவை மில்லு முதலாளி கொஞ்சம் ஒத்தாசை பண்ணுனார். அவர் இந்துதான், ஆனா நல்ல மனுஷன். எங்க சபைக்கு ஒரு மண்டபமே கட்டிக் குடுத்திருக்கார், ஏசியோட.

ஒரு நிமிஷம். பொண்ணு எந்திரிக்கிறாளா? இல்ல, சன்னல் கதவை ஏத்துறா. காத்து வாங்கட்டும். அவளுக்குப் பஸ் ஒத்துக்காதாம், வாந்தி வருமாம். மில்லுக்குள்ளயே இருந்தா எப்படி ஒத்துக்கும்.

விஷயத்துக்கு வர்றேன். மார்ச் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. மில்லுப் பொண்ணுங்கள மாசத்துக்கு ஒருக்கா வேன்ல ஏத்தி கடைவீதிக்குக் கூட்டிட்டு வருவாங்க, சோப்பு பவுடர் வாங்க. அதுல இந்தப் பொண்ணு நழுவிட்டா. நழுவி, ஓடி, எங்க கோவில் காம்பவுண்டுக்குள்ள வந்துட்டா. வந்தவ என்கிட்ட வந்திருக்கலாம்ல? ஹெப்சிகிட்டப் போயிட்டா. ஹெப்சி மதுரையில பிராக்டீஸ், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவா. அவ பாட்டுக்குக் கையப் புடிச்சு நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்து, தன் ரூம்லயே படுக்க வெச்சுட்டா. மில்லு லீகல் அட்வைசர் வீட்டுல மில்லுலருந்து ஓடிவந்த பொண்ணு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

திங்கக்கிழமை காலையில ஹெப்சிக்கு மதுரையில கேஸு. போகும்போது, 'அப்பா, நான் வர்ற வரைக்கும் இவளப் பாத்துக்கங்க, யார்கிட்டயும் விட்றாதீங்க'ன்னா. பாத்துக்கத்தான் செஞ்சேன். இடியாப்பமும் தேங்காப்பாலும் வெச்சு, வயிறாரச் சாப்பிட வெச்சேன். உக்கார வெச்சு, பொறுமையா எடுத்துச் சொன்னேன். இந்தா பாரும்மா, மூணு வருஷ அக்ரிமென்ட்டு. உங்க அப்பா கையெழுத்துப் போட்டிருக்கார். முடிஞ்சாத்தான் உன் கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை. நடுவுல ஓடுனா அக்ரிமென்ட்டை மீறுனதாகும், உன் குடும்பத்துக்குத்தான் கெட்ட பேருன்னேன். 'எங்க அம்மாவப் பாக்கணும் சார்'னு மட்டும் சொன்னா. அம்மா எங்க ஓடிரப் போறா? இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா அம்மா மாறிருவாளா? மில்லுக்கு போன் போட்டேன். கார் வந்துச்சு. ஏத்திவிட்டேன். சாப்பிட வெச்சுத்தான் அனுப்புனேன், அதை நீங்க மறந்துரக் கூடாது.

அழுதாளான்னா? பொண்ணுங்கன்னா அழத்தான் செய்யும். ஹாஸ்டல்ல விடும்போது ஹெப்சியும்தான் அழுதா.

ராத்திரி ஹெப்சி வந்தா. ரூம்ல எட்டிப் பாத்தா. 'எங்கப்பா?'ன்னா. சொன்னேன். வீட்டைப் பொளந்துருவான்னு நினைச்சேன். சாப்பாடு வேணாம்னுட்டுப் படுத்துட்டா. மறுநாளும் ஒண்ணுமில்ல, அடுத்த வாரமும் ஒண்ணுமில்ல. சரி, வக்கீல் பிள்ளை, யோசிச்சுப் பாத்திருப்பா, அப்பா செஞ்சது சட்டப்படி சரிதான்னு புரிஞ்சிருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

கொடைரோடு தாண்டியாச்சு. இந்த டிரைவர் உருட்டுறானே. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தாப்பலதான்.

ஆகஸ்ட்டுல எங்க போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழா. பெரிய விழா. பள்ளிக்கூடத்துக்கு உதவுனவங்கள்ல தர்ல்வெல்தான் பெரிய தலை, அதனால அவர் படத்தை மண்டபத்துல திறந்து வெக்கணும்னு கமிட்டியில நான்தான் தீர்மானம் போட்டேன். அதுக்கே எத்தனை எதிர்ப்பு. வேற பேரு வெச்ச குடும்பங்க இருக்குல்ல, அவய்ங்க அமெரிக்காக்காரர் படமும் வேணுமாம். சண்டை போட்டு ஜெயிச்சேன். விழா மலர்ல அவர் வாழ்க்கை வரலாற தமிழ்ல போடச் சொல்லி ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர்கிட்டக் குடுத்தோம். வக்கீலா சேர்றதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவாங்க? பார்ல சேர்த்துக்கிட்டாங்கன்னுதானே. அந்த மனுஷன், 'இருபத்துமூன்றாம் வயதில் அவர் மதுக்கடையில் அனுமதிக்கப்பட்டார், அன்று முதல் அவர் புகழ் பரவியது'ன்னு எழுதி அச்சடிச்சுட்டார். தர்ல்வெல்லோ வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாதவர். பிஷப் கைக்குப் போற மலர் தம்பி. அத்தனையிலயும் நானும் என் வீட்டுக்காரியும் உக்காந்து துண்டுத்தாள் ஒட்டுனோம். இதுலயே எனக்குப் பாதி உயிர் போயிருச்சு.

மீதி உயிரை என் மக எடுத்தா. தர்ல்வெல் வாழ்க்கையப் பத்திப் பேச ஆளு வேணும்ல. ஹெப்சியக் கேட்டேன். ஒரு வார்த்தை மறுக்கல. 'பேசுறேன்பா. நல்லாப் படிச்சுட்டு வந்தே பேசுறேன்'னா. எனக்குச் சந்தோஷம் தாங்கல. ஊர் பூராச் சொன்னேன். மூணு மாசம் அந்தக் காலத்து அமெரிக்கா பேப்பரு, கோர்ட்டு ரிப்போர்ட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்து எடுத்துப் படிச்சா. நானும் டீ போட்டுக் குடுத்தேன் தம்பி. என் கையால.

விழா அன்னைக்கு மண்டபம் நிறைஞ்சு கெடந்துச்சு. முதல் வரிசையில பிஷப், பக்கத்துல மில்லு முதலாளி, அதுக்குப் பக்கத்துல நான். ஹெப்சி மேடை ஏறுனா. முதல்ல அந்தப் பிரசங்கம், 'எந்த மனிதனும் இன்னொரு மனிதனுடைய சொத்து அல்ல', அதே கணீர்க் குரல்ல. சின்ன வயசுல சொன்ன மாதிரியே. நான் கண்ணத் தொடச்சுக்கிட்டேன். விறகு, குதிரை, எலெக்‌ஷன்னு அழகாப் போயிக்கிட்டிருந்துச்சு. அங்கயே நிறுத்தியிருக்கலாம்ல?

நிறுத்தல. அடுத்து ஒரு பொம்பளையக் கொண்டுவந்தா. லெட்டின்னு பேராம். அடிமை. ஒரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டி, அடிமை வெக்கிற வழக்கம் இல்லாத தர்ல்வெல் ஊருக்கு ஓடிவந்து, ஒரு பாதிரியார் வீட்டுல ஒளிஞ்சிருக்கா. எசமான் தேடி வந்துட்டான். அப்பத்தான் அங்க ஒரு சட்டம் வந்திருந்துச்சு, ஓடிவந்த அடிமைய எந்த ஊர்ல பாத்தாலும் புடிச்சுக் குடுக்கணும்னு. எசமானுக்கு ஒரு வக்கீல் வேணும். யாரு போனது? நம்ம தர்ல்வெல்.

அடிமை கூடாதுன்னு மேடையில பேசுனவர் எப்படிப் போவார்னு நீங்க கேப்பீங்க. நான் சொல்றேன். அது மேடை, இது கோர்ட்டு. வக்கீல்னா கட்சிக்காரன் பக்கம்தான் நிக்கணும். சட்டம் அன்னைக்கு அப்படி இருந்துச்சு, அவர் என்ன பண்ணுவார்? ஆனா அவ சொன்ன விதம் இருக்கே. விசாரணை அதிகாரி முன்னால அந்தப் பொம்பள பேச வாயத் திறந்தாளாம். தர்ல்வெல் எந்திரிச்சு ஆட்சேபணை பண்ணுனாராம். ஓடிவந்தவ சொல்றதை சாட்சியா எடுக்கக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு, அதைக் காட்டி. ஹெப்சி என்ன சொன்னா தெரியுமா? 'அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். போகிறாயா, இருக்கிறாயா என்று. அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் தடுத்ததுதான் நம் தர்ல்வெல் நடத்திய வழக்குகளிலேயே மிகப் புகழ்பெற்ற வழக்கு. அவளைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். அதே வருஷம்தான் திண்டுக்கல்லில் ஒரு பையனுக்குச் சாப்பாடு போடத் தன் பேரை எழுதி அனுப்பினார்.' அவ்வளவுதான். உக்காந்துட்டா. கடைசி வரிசையில காது கேக்காத பெரியவங்க மட்டும் கை தட்டுனாங்க. மில்லு முதலாளி எந்திரிச்சுப் போயிட்டார்.

எனக்கு எங்க ஆத்திரம்னா, மில்லப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். தகராறு இருந்தா என்கிட்ட வெச்சுக்க. செத்து நூத்தம்பது வருஷமான மனுஷனை எதுக்கு இழுக்குற? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து இதத்தான் கத்துனேன். என் வீட்டுக்காரி, வாயே திறக்காதவ, தாலிச் சங்கிலியத் திருகிக்கிட்டே என்னைப் பாத்து, 'உங்களுக்கு நெஜமாவே புரியலையா?'ன்னு கேக்குறா. என்னத்தப் புரியணும்? அந்தப் பொம்பள அடிமை. இது வேலைக்காரப் பொண்ணு, அக்ரிமென்ட்டு, சம்பளம், சாப்பாடு, டிவி. அவள அனுப்புனது படகுல, சங்கிலி போட்டு. நான் ஏசி கார்ல ஏத்தி, சாப்பிட வெச்சு அனுப்புனேன். ரெண்டும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க. என்ன தம்பி, எதுக்கு அந்தப் பொண்ணையே பாக்குறீங்க?

சரி விடுங்க.

அடுத்த வாரமே நோட்டீஸ். காளீஸ்வரியோட அம்மாவ எங்கயோ ராமநாதபுரம் பக்கம் கிராமத்துலருந்து தேடிப் புடிச்சு, என் மகளை சட்டவிரோதமா அடைச்சு வெச்சிருக்காங்க, கோர்ட்டுல கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்கன்னு ஆட்கொணர்வு மனு. வக்கீல் பேரு போட்ட எடத்தைப் பாக்குறேன். ஹெப்சிபா. அவ்வளவுதான். தருவேல் இல்ல. ஆறு தலைமுறை. துண்டாத் தூக்கி எறிஞ்சுட்டா. போன் போட்டுக் கேட்டேன், ஏன்டி பேர எடுத்தன்னு. 'கருத்தக்கண்ணன்னு போடலாமான்னு யோசிச்சேன்பா, சட்டுன்னு பழக்கமில்ல'ன்னா. நக்கல். அன்னைக்கு வெச்ச போன்தான். அதுக்கப்புறம் பேச்சு இல்ல. இன்னைக்குக் கோர்ட்டுல 'கற்றறிந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர்'னு சொல்லித்தான் அவள நான் கூப்பிடணும். நினைச்சுப் பாருங்க. பெத்த அப்பன்.

அழல தம்பி. தூசி. சன்னல் திறந்திருக்குல்ல.

நான் தோக்க மாட்டேன். எதுக்குத் தோக்கணும்? அவ சொன்ன லாஜிக்கே எனக்குத்தான் சாதகம். அமெரிக்காவுல அந்தப் பொம்பளையப் பேச விடல, அதானே குத்தம்? இங்க நம்ம சட்டம் அப்படியா? ஜட்ஜே நேரா அவளக் கேப்பார், அவ வாயாலயே சொல்லலாம். எவ்வளவு பெரிய சுதந்திரம். என்ன சொல்லணும்ன்றதை மட்டும் நான் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு வாரமா மில்லு ஆபீஸ்ல உக்கார வெச்சு, திரும்பத் திரும்ப. நான் ஜட்ஜு மாதிரி கேப்பேன், அவ சொல்லணும். முதல்ல திக்குனா. அவ அப்பனுக்கு ஒரு போன் போட்டுக் குடுத்தோம், அவனும் நாலு வார்த்தை சொன்னான், அப்புறம் சரியா வந்துருச்சு. காலையிலகூட அட்சரம் பிசகாமச் சொன்னா.

நீங்க எதுக்கு அவளக் கேக்கணும்? உக்காருங்க தம்பி. நீங்க யாரு அவளக் கேக்குறதுக்கு? நான் இவ்வளவு நேரம் மனசு விட்டுப் பேசுனா நீங்க நேரா எந்திரிச்சு அவகிட்டப் போறேன்றீங்க. அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போற சாட்சி, வெளியாள் பேசக் கூடாது. கலைஞ்சுருவா. உக்காருங்கன்னு சொல்றேன்ல. ம், அப்படி இருங்க.

பரவை வந்துருச்சு. இனி ஆரப்பாளையம்தான். ஆரப்பாளையத்துல இறங்கி, மாட்டுத்தாவணி வழியா ஹைகோர்ட்டுக்கு இன்னொரு பஸ்ஸு. நேரம் இருக்கு.

இப்ப எதுக்கு இவ எந்திரிக்கிறா? பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே இன்னும் நுழையல. வார்டனம்மா, ஏம்மா, வார்டனம்மா. கும்பகர்ணி. சரி, பின்னால நம்மகிட்டத்தான் வர்றா. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கிறேன்.

என்னம்மா? வாந்தி வருதா? என்ன மறந்துபோச்சு? சொல்ல வேண்டியதா? காலையிலதானே அத்தனை தடவை சொன்ன. பதட்டப்படாத, கம்பியப் புடிச்சுக்க. நான் சொல்றேன், கேட்டுக்க. நான் என் இஷ்டத்துக்குத்தான் இருக்கேன். என்ன, கேக்கலையா? இந்தப் பஸ்ஸு சத்தம் வேற. நான் என் இஷ்டத்துக்குத்தான் இருக்கேன். அப்புறமா? என்னை யாரும் அடைச்சு வைக்கல. இன்னும் சத்தமாவா? என்னை யாரும் அடைச்சு வைக்கல. எனக்கு வீட்டுக்குப் போக விருப்பம் இல்ல. எங்க அம்மாகூடப் போக எனக்கு இஷ்டம் இல்ல. யாரும் சொல்லிக் குடுத்து நான் சொல்லல. போதுமா? விளங்குச்சா?

என்னய்யா எல்லாரும் திரும்பிப் பாக்குறீங்க? கண்டக்டர், நீ உன் வேலையப் பாரு. இது கோர்ட்டு விஷயம்.

என்னம்மா சொன்ன? தம்பி, என்ன சொன்னா அவ? எனக்குச் சரியா விழல. என்னது? 'ஜட்ஜுகிட்டயும் நீங்களே சொல்லிருங்க சார், உங்களுக்குத்தான் திக்காம வருது'ன்னா?

ஏய், நில்லு. பஸ்ஸு நிக்கட்டும். காளீஸ்வரி, நில்லுன்றேன்ல. கண்டக்டர், அவள இறங்க விடாத. என்னய்யா நீ, கதவத் திறந்து விடுற? வார்டனம்மா, எந்திரிம்மா, ஊரு வந்துருச்சு. போயிட்டா. டீக்கடைகிட்ட நின்னு யாரையோ என்னமோ கேக்குறா. அந்தாளு மாட்டுத்தாவணி பஸ்ஸக் கை காட்டுறான். ஹைகோர்ட்டுக்கு வழி கேக்குறா தம்பி, அவளா கேக்குறா. நான் இறங்கணும், எந்திரிங்க. காலை எடுங்க. எல்லாரும் இறங்கியாச்சு, நீங்க மட்டும் எதுக்கு இப்படிக் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? தம்பி, உங்களத்தான். காலை எடுங்க.